கஜகஸ்தானின் நவுரிஸ் பண்டிகையில் என்னதான் செய்வார்கள்?

நவுரிஸ் கசாக்கியரின் வசந்தப் புத்தாண்டு. பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகும் மார்ச் 21, 22-ஐ ஒட்டி வரும்.

என்னைக் கேட்டால் விழாவின் உயிரே 'நவுரிஸ் கொஜே' என்ற கஞ்சிதான். தண்ணீர், இறைச்சி, உப்பு, கொழுப்பு, மாவு, தானியம், பால் என்று ஏழு பொருள் சேர வேண்டும். இறைச்சி, குளிர்காலத்துக்கென்று உப்பிட்டு வைத்ததில் மிச்சம். பால், புதுப் பருவத்தினுடையது. பழசும் புதுசும் ஒரே அண்டாவில்! லேசான புளிப்போடு கிண்ணத்தில் வரும். வீடுவீடாகப் போய்க் குடிப்பார்கள். (வயிற்றில் இடம் வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது.)

ஆறு கம்புகளைக் கட்டி நிறுத்திய ஊஞ்சலில் இளைஞர்கள் ஆடிப் பாடுவார்கள். மேற்குப் பகுதியில் மார்ச் 14 அன்றே 'கொரிசு' வந்துவிடும்: இளையவர் இரு கைகளையும் நீட்டிப் பெரியவர் கையைப் பற்றி வாழ்த்துவார், பழைய மனஸ்தாபமும் அன்றோடு சரி.

சோவியத் ஆட்சி 1926-ல் தடுத்த இந்த விழா 1988-ல்தான் பொதுவெளிக்குத் திரும்பியது.