மின்னொளியில் நடக்கும் கால்பந்து ஆட்டத்தைப் படமெடுக்க கேமராவில் என்ன அமைப்பு வைக்க வேண்டும்?

இந்தக் கேள்வியோடு இரண்டு குறைகளையும் சொல்லியிருக்கிறீர்கள். ஓடும் வீரர்கள் கலங்கித் தெரிகிறார்கள். ஒரே நொடியில் அடுத்தடுத்து எடுத்த படங்களில்கூட ஒன்று பளிச்சென்றும் மற்றொன்று பழுப்பேறியும் இருக்கிறது. முதல் குறைக்குக் காரணம் ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விடும் திரை திறந்திருக்கும் நேரம். இரண்டாவதற்குக் காரணம் விளக்கு.

ஓங்கி உதைத்த பந்து நொடிக்கு 25 மீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/125 நொடி திறந்திருந்தால் அதற்குள் பந்து 20 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். பந்தின் விட்டமே ஏறத்தாழ 22 சென்டிமீட்டர்தான். ஆகவே படத்தில் பந்து இருக்காது, ஒரு வெள்ளைத் தீற்றல்தான் இருக்கும். 1/1000 வைத்தால் அந்த நகர்வு இரண்டரை சென்டிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. அதனால் எதைத் தொடுவதற்கு முன்பும் ஷட்டரை 1/1000-ல் நிறுத்திவிடுவேன். வெளிச்சம் போதாத மைதானம் என்றால் 1/640 வரை இறங்குவேன். 1/500-க்குக் கீழே போவதில்லை. லென்ஸில் உள்ள அசைவுக் கட்டுப்பாட்டை நம்பாதீர்கள். அது உங்கள் கை நடுக்கத்தை அடக்குமே தவிர, ஓடுகிறவரை நிறுத்தாது.

அப்பர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையை, லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்கு முழுவதும் திறந்துவிடுங்கள். மிச்சக் கணக்கை ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்திறன் அளவு, ஏற்றுக்கொள்ளட்டும். எஃப் 2.8 லென்ஸ் இருந்தால் (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிது) ஐஎஸ்ஓ 3200-க்கும் 6400-க்கும் இடையில் எங்காவது நிற்கும். படத்தில் புள்ளி புள்ளியாக வருமே என்று தயங்கி, ஐஎஸ்ஓவைக் குறைத்து, பிறகு கணினியில் வெளிச்சம் ஏற்றுகிறவர்கள் பலர். அப்படிச் செய்வதால் புள்ளிகள் குறைவதில்லை. பல கேமராக்களில் கூடவே செய்கின்றன. புள்ளிகளை மென்பொருளில் ஓரளவு நீக்கலாம். கலங்கிய முகத்தை மீட்க முடியாது.

இந்த மூன்றையும் மேனுவலில், அதாவது நாமே அமைக்கும் முறையில், பூட்டிவிடுங்கள். இரவு மைதானத்தில் ஆட்டோ ஏமாந்துபோகும். பின்னணியில் கருவானம் நிறைந்தால் இருட்டு என்று எண்ணி வீரரின் முகத்தை வெளுக்க வைக்கும். சட்டகத்துக்குள் ஒரு விளக்குக் கம்பம் வந்துவிட்டால் எல்லாரையும் நிழலாக்கும். உண்மையில் மைதானத்து வெளிச்சம் ஆட்டம் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. வீரர்கள் பயிற்சிக்கு இறங்கும்போதே நாலைந்து படம் எடுத்து, வெள்ளைச் சட்டையின் மடிப்புகள் தெரிகின்றனவா என்று திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். மடிப்பு தெரிந்தால் அளவு சரி. மூலைகளில் வெளிச்சம் குறைவாக இருக்கும். அங்கே பந்து போகும்போது ஐஎஸ்ஓவை மட்டும் ஒரு படி ஏற்றினால் போதும். அந்தி நேரத்தில் தொடங்கும் ஆட்டமானால், வானம் முழுக்க இருட்டும்வரை அடிக்கடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

இனி அந்த நிறமாற்றம். எனக்கும் இது நேர்ந்திருக்கிறது. கோல்கீப்பர் பாய்ந்தபோது தொடர்ச்சியாக ஒன்பது படங்கள் எடுத்தேன். அவருடைய கையுறை விரல்நுனி பந்தைத் தொட்ட அந்த ஒரே படத்தில் மேல்பாதி நீலம் பாய்ந்தும் கீழ்பாதி செம்பழுப்பாகவும் இருந்தது. கேமரா கெட்டுவிட்டதோ என்று பயந்தேன். கேமராவில் பழுது எதுவும் இல்லை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மெட்டல் ஹாலைடு போன்ற விளக்குகள் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. 60 ஹெர்ட்ஸ் என்றால் 120 முறை. கூடும்போது ஒரு நிறம், குறையும்போது ஒரு நிறம். கண்ணுக்கு அது தெரியாது. ஒரு சுற்றுக்கு 1/100 நொடி ஆகிறது. நம் ஷட்டரோ 1/1000-ல் அதன் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்கிறது. அதிலும் ஷட்டர் திரை ஒரு சிறு பிளவாகச் சட்டகத்தைக் கடந்து போவதால், மேலே ஒரு கணமும் கீழே வேறொரு கணமும் பதிவாகிவிடுகின்றன.

உங்கள் கேமரா மெனுவில் ‘ஆன்டி ஃபிளிக்கர்’ என்றோ ‘ஃபிளிக்கர் ரிடக்‌ஷன்’ என்றோ இருக்கிறதா பாருங்கள். கேனான் 7டி மார்க் 2 வெளிவந்த 2014-க்குப் பிறகு இந்த வசதி பல கேமராக்களுக்கு வந்துவிட்டது. விளக்கு உச்சத்தில் ஒளிரும் கணத்துக்காகக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும். தொடர் படங்களின் வேகம் சற்றுக் குறையலாம், ஆனாலும் போட்டுவிடுங்கள். வசதி இல்லையென்றால் நிறைய எடுத்து, கெட்டதைக் கழிப்பதுதான் வழி. எல்ஈடி விளக்குள்ள இடத்தில் மின்னணு ஷட்டர் (திரை அசையாமல் சென்சாரே படத்தைப் பதியும் முறை) படத்தில் பட்டை பட்டையாகக் கோடு போடக்கூடும். அங்கே மெக்கானிக்கல் ஷட்டரே நல்லது. வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் ஒயிட் பேலன்ஸ் அமைப்பை ஆட்டோவில் விடாமல் ஒரே கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அலகு) அளவில் வைத்து, ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலப் பதிவாக, எடுங்கள். எல்லாப் படங்களையும் பிறகு ஒரே சீராகத் திருத்தலாம்.

ஃபோகஸைத் தொடர் முறையில் (ஓடுகிறவரை விடாமல் பின்தொடரும் முறை) வைத்து, நடுப்புள்ளியை வீரரின் மார்பில் நிறுத்துங்கள். முழுச்சட்டக கேமராவில் (35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுக்குச் சென்சார் உள்ளது) 200 மில்லிமீட்டர் லென்ஸ், எஃப் 2.8 என்றால் 20 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் ஆழம்தான் தெளிவாக இருக்கும்.

கேமராவோடு வந்த லென்ஸ் மட்டும்தான் கையில் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை முழுவதும் நீட்டினால் எஃப் 5.6-தான் கிடைக்கும், எஃப் 2.8-ல் வருவதில் கால்பங்கு வெளிச்சம். பெரிய ஜூம் லென்ஸுக்குக் காசு சேரும்வரை 85 மில்லிமீட்டர், எஃப் 1.8 லென்ஸ் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். எஃப் 5.6-ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சம் உள்ளே வரும். தூரம் எட்டாது, உண்மைதான். கோலுக்குப் பின்னால், சற்றே பக்கவாட்டில் உட்கார இடம் கேளுங்கள். அங்கே வீரர்கள் உங்களை நோக்கித்தான் ஓடி வருவார்கள்.