ஆங்கிலத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு மட்டக்களப்பிலேயே இருக்கலாமா?

ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. முடித்திருக்கிறேன், பாடசாலை ஆசிரியர் வேலையை விட்டால் மட்டக்களப்பில் வேறென்ன இருக்கிறது, கொழும்புக்குப் போகத்தான் வேணுமா என்று கேட்டிருக்கிறீர்கள், தங்கச்சி. நான் களுவாஞ்சிக்குடி. பேராதனையில் எம்.ஏ. செய்துவிட்டு ஊருக்குத் திரும்பியவள். ஊரிலேயே இருக்கலாம். ஆனால் ஒரே நியமனத்தை நம்பி இருக்காதீர்கள்.

பல்கலைக்கழக வேலை எல்லாருக்கும் தெரிந்தது. வந்தாறுமூலையில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் விஞ்ஞானம் போன்ற துறைகள் ஆங்கில மொழிமூலம் என்பதால், புதிதாக வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பிக்க ஆள் தேவை. விரிவுரையாளர் பதவிக்கு முதற்பட்டத்தின் வகுப்பையும் பார்ப்பார்கள். தற்காலிகப் போதனாசிரியர் வேலை கிடைத்தால் எடுங்கள், அனுபவத்துக்கு நல்லது. தாழங்குடா, அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரிகளையும் மறக்க வேண்டாம். ஆங்கில ஆசிரியர்களை உருவாக்குவது சின்ன வேலை இல்லை.

நான் அதிகம் சொல்ல விரும்புவது மொழிபெயர்ப்பைப் பற்றித்தான். எங்கள் பக்கம் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு. பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணி உறுதி (நிலப் பத்திரம்) என்று ஏதாவது ஒன்றை ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அதற்குச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஒப்பமும் முத்திரையும் வேண்டும். நீதி அமைச்சில் விண்ணப்பித்துப் பதிவு எடுக்க வேண்டும். சான்றிதழ் வேலை சுலபம், இரண்டு மாதத்தில் கை பழகிவிடும். எம்.ஏ. படித்ததன் பயன் உறுதிகளில்தான் தெரியும்.

ஒருமுறை ஒரு பழைய நன்கொடை உறுதி வந்தது. வயலின் அளவு அவணத்தில் இருந்தது. அவணம் விதைநெல்லை வைத்துச் சொல்கிற அளவு. அதை அப்படியே ஏக்கராக்கி எழுதினால் உறுதி சொல்லாததை நான் சொன்னதாகிவிடும். அதனால் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் விளக்கம் எழுதினேன். இன்னொரு முறை கோயில் நிருவாகக் கடதாசி ஒன்று. அதில் 'குடி'யும் (தாய்வழி வம்சம்) 'வண்ணக்கரும்' (கோயில் நிருவாகி) வந்தன. குடியைக் குடும்பம் என்று எழுதினால் தாய்வழியாக வருகிற உரிமை முழுக்கப் போய்விடும். ஒரு சொல்லுக்காக ஒரு பின்னேரம் முழுக்க இருந்திருக்கிறேன். கவிதையை வரிவரியாகப் பிரித்துப் படித்த பழக்கம் எனக்குக் கைகொடுத்தது அங்கேதான்.

2004 சுனாமிக்குப் பிறகு தொண்டு நிறுவனங்கள் நிறைய வந்தன, ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு வேலையும் வந்தது. பிறகு பல நிறுவனங்கள் மூடிக்கொண்டு போய்விட்டன. இப்போதும் திட்ட முன்மொழிவு, அறிக்கை எழுத ஆள் தேடுகிறார்கள், ஆய்வாளர்கள் நேர்காணல்களைத் தமிழிலிருந்து பெயர்க்கக் கேட்கிறார்கள். ஆனால் அது ஒப்பந்த வேலை. கூலியையும் நாளையும் முதலே எழுத்தில் வாங்குங்கள். ஒரு நிறுவனம் எனக்குப் பணம் தர எட்டு மாதம் எடுத்தது, எழுத்தில் ஒன்றும் இல்லாததால் வாய் திறக்க முடியவில்லை.

அரச மொழிபெயர்ப்பாளர் சேவையும் இருக்கிறது. 1987இல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி, ஆங்கிலம் இணைப்பு மொழி. ஆனாலும் தமிழில் எழுதிய கடிதத்துக்குச் சிங்களத்தில் பதில் வருவதை இன்றும் பார்க்கிறோம். அதனால் சிங்களமும் படியுங்கள். மூன்று மொழியும் தெரிந்தவரை அலுவலகங்கள் தேடி வரும். நான் நாற்பது வயதில் தொடங்கினேன், உங்களுக்கு அவ்வளவு பிந்த வேண்டியதில்லை.

இந்தக் கிழமையே ஒன்று செய்து பாருங்கள். வீட்டில் அம்மம்மாவின் காணி உறுதி இருக்கும். அதில் ஒரு பக்கத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள். எந்தச் சொல்லில் தடக்குகிறதோ, அதை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.