பழைய இத்தாலியப் பேய்ப் படங்களும் ரீமேக்குகளும்: கேள்வி பதில்

இத்தாலிய கோதிக் பேய்ப் படங்களை (பழைய மாளிகை, பழைய பாவம், திரும்பி வரும் பேய்) பற்றியும் பின்னால் வந்த ரீமேக்குகளைப் பற்றியும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். ஒரே ஒரு வேண்டுகோள்: படத்தின் பெயரோடு ஆண்டையும் எழுதுங்கள். இந்தப் படங்களுக்கு நாட்டுக்கு ஒரு பெயர். ஆண்டு இல்லாவிட்டால் நான் ஒரு படத்தைச் சொல்வேன், நீங்கள் வேறொன்றைப் பார்த்துவிட்டு என்னைத் திட்டுவீர்கள்.

கே: சார், நான் புதுசு. எந்த ஜோடியில் ஆரம்பிக்கலாம்?

ப: அந்தோனியோ மர்கெரித்தியின் ‘தான்ஸா மகாப்ரா’ (1964), அப்புறம் அவரே அதை வண்ணத்தில் திரும்ப எடுத்த 1971 படம். இயக்குநர் ஒருவரே, கதை ஒன்றே, இசையும் அதே ரிஸ் ஓர்த்தோலானி. அப்படியும் ஒன்று நிற்கிறது, இன்னொன்று படுத்துவிட்டது. பேய் மாளிகையில் ஓர் இரவு தங்கிக் காட்டுவதாக ஒரு பத்திரிகைக்காரன் பந்தயம் கட்டுகிறான். அங்கே எலிசபெத்தைச் சந்திக்கிறான். அவள் மார்பில் தலை சாய்க்கிறான். காதில் ஒன்றும் விழவில்லை. உன் இதயம் துடிக்கவில்லையே என்கிறான். பழைய படத்தில் அது பார்பரா ஸ்டீல். அந்தப் பெரிய கண்களைப் பார்த்த உடனேயே நமக்கு விஷயம் தெரிந்துவிடுகிறது, அவனுக்குத்தான் தெரியவில்லை. 1971இல் மிஷேல் மெர்சியே. அழகி, குறை சொல்ல முடியாது. ஆனால் நல்ல ஆரோக்கியமான பெண்ணாக இருக்கிறார், அதுதான் சிக்கல். எழுத்தாளர் எட்கர் ஆலன் போவாக வரும் கிளாஸ் கின்ஸ்கிக்காக வேண்டுமானால் ரீமேக்கின் தொடக்கத்தைப் பாருங்கள்.

கே: அப்போ கலர்தான் கெடுத்தது என்கிறீர்களா?

ப: இல்லை. மரியோ பாவா 1963இல் எடுத்த சாட்டையடிப் படம், ‘லா ஃப்ருஸ்தா எ இல் கோர்போ’, முழுக்க வண்ணம்தான். ஊதாவும் பச்சையும் நீலமும் சுவரில் வழியும், ஆனால் எதைக் காட்டக் கூடாது என்று அவருக்குத் தெரியும். மர்கெரித்தி வண்ணம் வந்ததும் எல்லா விளக்கையும் போட்டுவிட்டார். மூலையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அது வெறும் மூலை.

கே: தமிழ் டப்பிங்கில் கிடைக்குமா?

ப: இத்தாலியர்களே டப்பிங்கில்தான் பார்த்தார்கள். படம் பிடித்து முடித்துப் பிறகு குரல் சேர்ப்பதுதான் அங்கே வழக்கம். ஆங்கிலேயரான பார்பரா ஸ்டீலுக்கே ஆங்கிலத்தில் வேறொருவர் குரல்! சப்டைட்டில் போட்டுப் பாருங்கள்.

கே: ‘இ வாம்பிரி’ (1957) படத்தில் இளம்பெண் நம் கண்ணெதிரே கிழவியாகிறாளே, வெட்டே இல்லையே. எப்படி, அண்ணா?

ப: வாங்க தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு வெள்ளைத் தாளில் சிவப்புப் பேனாவால் கோடு போடுங்கள். அதைச் சிவப்புக் கண்ணாடித் தாள் வழியாகப் பாருங்கள்: கோட்டைக் காணோம். பச்சைத் தாள் வழியாகப் பார்த்தால் கன்னங்கரேலென்று தெரியும். அவ்வளவுதான் ரகசியம். நடிகை ஜானா மரியா கனாலேயின் முகத்தில் சுருக்கங்களை ஒரு நிறத்தில் வரைந்துவிட்டு, விளக்கின் நிறத்தை மெல்ல மாற்றினார்கள். படச்சுருள் கறுப்பு வெள்ளை என்பதால் நிறம் மாறுவது பதிவாகாது, சுருக்கம் மட்டும் உள்ளேயிருந்து எழும்பி வருகிற மாதிரி இருக்கும். ஹாலிவுட்டில் 1931லேயே செய்த தந்திரம்தான், பாவாவின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. ஒளிப்பதிவாளராக வந்தவர் பாவா. இயக்குநர் ரிக்கார்தோ ஃப்ரேதா பாதியில் விலகியதும் மீதியை இவரே முடித்தார். நான் புகைப்படம் கழுவும் இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் வருஷக்கணக்கில் கை நனைத்தவன். அந்தக் காட்சியை முதல்முறை பார்த்தபோது அந்த வெளிச்சம்தான் ஞாபகம் வந்தது.

கே: பழைய ‘லா மாஸ்கெரா தெல் தெமோனியோ’வா, புதியதா?

ப: ஆண்டு! சரி, 1960 தந்தை மரியோ பாவா எடுத்தது, 1989 மகன் லம்பெர்தோ தொலைக்காட்சிக்கு எடுத்தது. தந்தையின் படத்தில் உட்புறம் ஆணி வைத்த வெண்கல முகமூடியைச் சூனியக்காரியின் முகத்தில் பொருத்தி, பெரிய சுத்தியலால் ஒரே அடி. மகனின் படத்தில் பனிச்சறுக்குக்குப் போன இளைஞர் கூட்டம் பிளவில் விழுந்து அந்த முகமூடியைக் கழற்றுகிறது. யோசனை மோசமில்லை. படம் மோசம்.

கே: 2018 ‘சஸ்பிரியா’ பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே?

ப: 1977இல் அர்ஜென்தோ எடுத்த மூலமே கோதிக் இல்லை என்பது என் கட்சி.

கே: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். பழைய கட்டடம், ரகசிய அறை, கிழட்டுச் சூனியக்காரி, தனியாக வந்து சேரும் பெண். இன்னும் என்ன வேண்டும்?

ப: கடந்த காலம் வேண்டும். கோதிக்கில் முன்னோர் செய்த பாவம் வீட்டுக்குள் காத்திருக்கும். அர்ஜென்தோவின் பெண்ணுக்கு அந்த நடனப் பள்ளியோடு எந்தக் கணக்கும் இல்லை, டாக்சியிலிருந்து இறங்கினாள், மாட்டிக்கொண்டாள்.

கே: மறுபடி நான்தான். உங்கள் கணக்குப்படி 2018 ரீமேக்தானே கோதிக்? 1977 பெர்லின், போரின் குற்றத்தைச் சுமக்கும் முதியவர், எல்லாம் கடந்த காலம்தானே.

ப: ...மாட்டிவிட்டீர்கள். ஆமாம். ரீமேக்கை எடுத்த குவாதாக்னினோ சிவப்பையும் நீலத்தையும் பிழிந்து எடுத்துவிட்டு, 98 நிமிடப் படத்தை 152 நிமிடமாக இழுத்திருக்கிறார் என்ற கோபத்தில் இந்தக் கோணத்தை நான் கவனிக்கவே இல்லை. அந்த முதியவராக நடித்ததும் டில்டா ஸ்விண்டன்தான். அவருக்காக ஒரு முறை பார்க்க வேண்டிய படம், இரண்டு முறை அல்ல.

கே: எங்கே பார்க்கலாம்?

ப: இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். நான் திரையரங்கம் நடத்தவில்லை. எங்கே பார்த்தாலும் வெட்டாத பிரதியா என்று பாருங்கள். 1960 படத்தை அமெரிக்காவில் இசையைக்கூட மாற்றித்தான் வெளியிட்டார்கள்.

கே: உண்மையிலேயே பயந்த காட்சி ஒன்று?

ப: பாவாவின் 1963 தொகுப்புப் படத்தில் வுர்துலாக் (செத்த பின்னும் ரத்தம் குடிக்க வரும் பேய்) கதை. செத்த பிள்ளை ராத்திரி வீட்டு வாசலில் நின்று, அம்மா குளிருது என்று அழும். அதே டால்ஸ்டாய் கதையை (லியோ அல்ல, அலெக்ஸி கான்ஸ்டான்டினோவிச்) 1972இல் ஜோர்ஜோ ஃபெர்ரோனி எடுத்தார். அதில் ரத்தம் அதிகம். குளிர் இல்லை.

கே: சார், நீங்கள் சொன்ன மாஸ்க் படம் பார்த்தேன். பச்சை முகத்தோடு ஒருத்தர் ஆடிக்கொண்டே இருக்கிறார், பயமே வரவில்லையே?

ப: ஆண்டு எழுதச் சொன்னேனா இல்லையா?