கைநாட்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

சீனத் தலைவர் டெங் சியாவோபிங் தன் நாட்டுப் பொருளாதாரத்தின் கதவைத் திறந்தார், உலகமே மாறியது. நம்மிடம் அப்படி ஒரு தலைவர் இல்லையே? கைநாட்டு ஜனங்களை வைத்துக்கொண்டு என்ன சீர்திருத்தம் செய்ய முடியும்? சீனா தன் நாணய மதிப்பைத் தாழ்த்தி வைத்தது நியாயமா?

கே.

அன்புள்ள கே.,

நாணய மதிப்பை விவரமறிந்தவர்களிடம் கேளுங்கள். என்னை உறுத்தியது ‘கைநாட்டு’ என்ற சொல். கொஞ்ச நாளாக என் நினைப்பும் அதில்தான்.

என் அப்பாயி கடன் சங்கத்தில் கைநாட்டு வைப்பவர். ஒருமுறை குமாஸ்தா பத்திரத்தை வாசிக்காமலே விரலைப் பிடித்து இழுத்தார். அப்பாயி கையை மடக்கிக்கொண்டு, “மொதல்ல வாசிங்க தம்பி” என்றார். வட்டியை மனக்கணக்காகப் போட்டுப் பார்த்த பிறகே விரலை நீட்டினார். மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். இவருக்கா பொருளாதாரம் தெரியாது?

இனி நீங்கள் சொன்ன சீனாவுக்கு வருவோம். 1978 கடைசியில், அங்கே அன்ஹுய் மாகாணத்தின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாகக் கூடினார்கள். கம்யூன் என்ற கூட்டுப் பண்ணையின் விளைச்சல் வயிற்றுக்குப் போதாமல் பிச்சையெடுக்கப் போன ஊர் அது. நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரித்துக்கொள்வோம், அரசுக்குரியதை அளந்துவிட்டு மிச்சத்தை வீட்டுக்கு எடுத்துப்போவோம் என்று ஒரு தாளில் எழுதிச் சிவப்பு மையில் விரல் பதித்தார்கள். அன்றைக்கு அது குற்றம். முன்னின்றவர்கள் சிறைக்குப் போனால் அவர்கள் பிள்ளைகளை 18 வயதுவரை மற்றவர்கள் வளர்ப்பது என்றும் அதில் எழுதினார்கள். பிள்ளைகளுக்கு வழி சொன்ன சீர்திருத்தத் திட்டம் வேறெதையாவது காட்டுங்கள், பார்ப்போம்!

அடுத்த அறுவடையில் தானியம் குவிந்தது. மாகாணக் கட்சிச் செயலாளர் வான் லி அந்த வழிக்குத் துணைநின்றார். டெங் வெளிப்படையாகப் பாராட்டியது 1980இல். தலைவர் பின்னால்தான் வந்தார், கே. தடுக்காமல் வந்தது பெரிய விஷயம், அதை மறுக்கவில்லை.

வயலில் அத்தனை கைகள் தேவைப்படவில்லை. இளசுகள் ஷென்சென் போன்ற ஊர்களின் ஆலைகளுக்குப் போனார்கள். உலகத்துக்குப் பொம்மையும் சட்டையும் மலிவாகக் கிடைத்தன. 1993இல் ஷென்சென் பொம்மை ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. ஜன்னல்களில் கம்பி, கதவுகளில் பூட்டு. 87 பேர் செத்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். நீங்கள் சிலாகிக்கும் திறந்த கதவுக்குள் இந்தப் பூட்டிய கதவும் இருக்கிறது.

உயிரோடிருந்தவர்களுக்கும், யார் எந்த ஊர்க்காரர் என்று அரசு எழுதிவைக்கும் குடும்பப் பதிவு கிராமத்தில்தான். பதிவில்லாத நகரத்தில் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெரும்பாடு. ஊரில் விட்டுவிட்டுப் போனார்கள். புத்தாண்டுக்கு மூட்டையோடு வரும் அம்மாவை அடையாளம் தெரியாமல் பாட்டியின் பின்னால் ஒளிந்த குழந்தைகள் எத்தனையோ.

நீங்கள் நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பாட்டி கையெழுத்துப் போடுவாரா, விரல் வைப்பாரா? விசாரித்து எழுதுங்கள்.