சுவரோரம் நிற்கும் வேம்பு: வேருக்கு என்ன மருந்து ஊற்றலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். எங்களுக்குக் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. வீடு தாத்தா கட்டியது, 70 வருஷம் இருக்கும். மண் சாந்து வைத்த கல் சுவர், மேலே காரைப் பூச்சு, நாட்டு ஓடு. தென்மேற்கு மூலையிலிருந்து 6 அடியில் ஒரு வேப்பமரம் நிற்கிறது. அப்பா வைத்து 35 வருஷம் ஆகிறது, சுற்றளவு 5 அடி. போன கோடையில் அந்த மூலைச் சுவரில் விரல் நுழைகிற அளவு விரிசல் விட்டுவிட்டது. மர வியாபாரி 6,000 ரூபாய்க்குக் கேட்கிறார், ஜேசிபி வைத்து வேரோடு பிடுங்கிவிடுவாராம். உரக்கடைக்காரரோ தூரில் துளை போட்டு மருந்து ஊற்றச் சொல்கிறார். எந்த மருந்து, எவ்வளவு ஊற்ற வேண்டும்?

பதில்: எந்த மருந்தும் வேண்டாம். வீட்டுக்கு 6 அடியில் நிற்கும் மரத்தை நின்ற நிலையிலேயே சாகடித்தால் கிளைகள் காய்ந்து மொறுமொறுத்துப் போகும். அதற்குப் பிறகு மரம் வெட்டுகிறவர் யாரும் அதில் கால் வைக்க மாட்டார். ஒவ்வொரு காற்றுக்கும் ஓட்டு மேல் ஒரு கிளை விழும்.

கடையில் உங்களுக்குத் தரப்போவது 2,4-டி என்ற களைக்கொல்லி என்றால் இன்னும் மோசம். பருத்தி விளைகிற ஊர் உங்களுடையது. அந்த மருந்து தொட்ட தெளிப்பானைச் சரியாகக் கழுவாமல் பருத்திக்குக் கொண்டுபோனால் இலையெல்லாம் விரல் விரலாகச் சுருங்கிவிடும். பிறகு அதே கடையில் ‘வைரஸ்’ என்று சொல்லி வேறொரு புட்டி விற்பார்கள். உப்பு போடுங்கள் என்று ஊரில் சொல்வார்கள், கேட்காதீர்கள். உப்பு கரிசலின் கட்டுமானத்தைக் கெடுத்துக் களியாக்கும், ஈரத்தோடு சுவரில் ஏறிப் பூத்துக் காரையை உரித்துவிடும். ஆசிட் ஊற்றினால் அது சுவரின் சுண்ணாம்பையே தின்னும். பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுவிடும் என்பார்கள், அதைச் சாம்பாருக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மருந்தைக் கேட்டீர்கள். நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, மரம் போன பிறகு அந்த மண் என்ன செய்யும் என்பதை. கரிசல் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். வேர் கல் சுவரைத் தள்ளிப் பிளப்பது அபூர்வம். திண்ணையையும் சுற்றுச்சுவரையும் தூக்கும், ஏற்கெனவே உள்ள வெடிப்பில் நுழைந்து பருக்கும், அவ்வளவுதான். பாரச் சுவருக்குக் கேடு வருவது வேறு வழியில். கோடையில் வேர் அஸ்திவாரத்தடி ஈரத்தை உறிஞ்ச, மண் சுருங்கி மூலை கீழே இறங்குகிறது. அப்படி இறங்கினால் விரிசல் சாய்வாக ஓடும், மேலே அகன்று கீழே ஒடுங்கும். விரிசலின் இரு கரையிலும் பென்சிலால் கோடு போட்டு இடைவெளியை மாதம் ஒருமுறை அளந்து எழுதுங்கள். சித்திரை, வைகாசியில் விரிந்து கார்த்திகையில் மூடிக்கொள்கிறது என்றால் மண்தான் காரணம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு நிம்மதி தந்த ஒரே செய்தி, வீடு மூத்தது, மரம் இளையது என்பது. ஆகவே மரத்தை வெட்டலாம், அது வருவதற்கு முன்பிருந்த ஈரத்துக்கே மண் திரும்பும். மரம் மூத்ததாக இருந்திருந்தால் வீடு காய்ந்து சுருங்கிய மண்ணின் மேல் எழும்பியிருக்கும். மரத்தை எடுத்ததும் மண் ஊதிச் சுவரைக் கீழிருந்து மேலே தள்ளும். அந்த நிலைமையில் இருப்பவர்கள் இந்தப் பதிலைப் பின்பற்றக் கூடாது, முதலில் ஒரு கட்டடப் பொறியாளரிடம் காட்ட வேண்டும்.

வெட்டுகிற காலம் தை, மாசி. ஐப்பசி, கார்த்திகை மழையின் ஈரம் மண்ணில் இருக்கும், மாசியில் வேம்பு இலை உதிர்த்துப் பாரமும் குறைந்திருக்கும். வைகாசியில் வெட்டினால் மண் காய்ந்து வாய் பிளந்து கிடக்கும். அடுத்த பெருமழையில் ஒரே மூச்சில் ஊதும்.

மரம் ஏறத் தெரிந்தவர்களை வையுங்கள். வீட்டுப் பக்கம் சாய்ந்த கிளைகள் முதலில் இறங்க வேண்டும், அப்போதுதான் மரத்தின் எடை எதிர்ப்பக்கம் போகும். ஒவ்வொரு கிளையையும் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றை அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றி மெதுவாக விட வேண்டும். கிளையை அடிப்பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்துவிட்டு, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுக்க வேண்டும். நேரே மேலிருந்து அறுத்தால் பட்டை கிழிந்து கிளை ஊஞ்சலாடி ஓட்டைத் தட்டும். மரத்தையொட்டி மின்கம்பி சென்றால் அன்றைக்கு இணைப்பைத் துண்டிக்கச் சொல்லுங்கள். மரம் நிற்கும் இடம் பட்டாவா புறம்போக்கா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள்.

வியாபாரியின் 6,000 பற்றி: விலை பேசும் முன் கன அடி கணக்குப் போடுங்கள். சுற்றளவில் கால் பங்கு, அதை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 5 அடிச் சுற்றளவு, 8 அடி நீளமுள்ள அடிமரம் என்றால் 1.25 × 1.25 × 8, அதாவது 12.5 கன அடி. கிளைக்கட்டையும் விறகும் தனிக் கணக்கு. வேம்பு நிலைக்கும் சட்டத்துக்கும் ஆகிற மரம். பட்டைக்குக் கொஞ்சம் கழிக்கட்டும், கண்ணால் பார்த்து மொத்தமாக விலை வைக்க விடாதீர்கள்.

ஜேசிபி மட்டும் வீட்டோரம் வரவே கூடாது. உங்கள் தாத்தா காலத்து அஸ்திவாரம் ஆழமாக இருக்க வாய்ப்பில்லை, மண்ணில் கல் அடுக்கியதாகத்தான் இருக்கும். தூரைப் பிடுங்கினால் அடியில் ஓடிய வேரோடு கல்லும் வெளியே வரும். சுவரிலிருந்து ஆறடியில் ஒரு பள்ளமும் மிஞ்சும், முதல் மழைத் தண்ணீர் அதில்தான் தேங்கும். தூரைத் தரைமட்டத்துக்கு அறுத்துவிட்டு வேரை அங்கேயே மக்க விடுங்கள். வேம்பு விடாமல் துளிர்க்கும். அறுத்த முகத்தைக் கருப்புப் பாலிதீனால் மூடி, மேலே அரையடி மண் போட்டு, பக்கத்தில் வரும் துளிரை 15 நாளுக்கு ஒருமுறை ஒரு வருஷம் கிள்ளுங்கள். வேரில் இருக்கும் சேமிப்பு தீர்ந்தால் அடங்கிவிடும். சீக்கிரம் மக்கட்டும் என்று சாணித் தண்ணீர் ஊற்றாதீர்கள், ஈரம் அஸ்திவாரத்துக்குப் போகும். மக்கும் வேருக்குக் கரையான் வரும், ஆகவே சுவரடியில் மண் குழல் ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். மேலே இருப்பது மரக் கைமரம்.

ஓட்டுத் தண்ணீர் சுவரடியில் விழுகிறதா? குளிக்கும் தண்ணீர் அந்த மூலையில் வாழைக்குப் போகிறதா? இரண்டையும் திருப்பிவிடுங்கள். சுவரிலிருந்து 4 அடிக்குச் சரளை போட்டு, அடிக்கு ஓர் அங்குலம் வெளிப்பக்கம் சரியும்படி இடித்துக் கெட்டியாக்குங்கள்.

விரிசலை உடனே அடைக்காதீர்கள். இரண்டு மழைக்காலம் அளந்து, அசைவு நின்ற பிறகு, ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு கலந்து அடையுங்கள். சிமெண்ட் வேண்டாம். அது மண் சாந்துச் சுவரோடு ஒட்டாது, ஈரத்தை உள்ளே பூட்டி அடுத்த வருஷம் தகடாகக் கழன்று விழும். நிழலுக்கு மறுபடி வேம்பு வைப்பதாக இருந்தால் 40 அடி தள்ளி வையுங்கள்.