அண்ணன் இறந்துவிட்டான் என்று அம்மா சொல்லியே ஆகவேண்டுமா?

கேள்வி: ஒக்கிப் புயலின்போது கடலில் இருந்த என் அண்ணன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. இறப்புச் சான்றிதழ், நிவாரணம் எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் கல்லறைத் திருநாளில் அவன் பெயரில் மெழுகுதிரி ஏற்ற அம்மா சம்மதிப்பதில்லை. வருவான் என்கிறார். இந்தப் பிடிவாதத்தை எப்படி மாற்றுவது?
(வாசகர், தூத்தூர்)

பதில்: மாற்ற வேண்டாம். பிடிவாதம் என்ற சொல்லை முதலில் விட்டுவிடுங்கள்.

2017 நவம்பர் 30-ஐ நினைத்துப் பாருங்கள். ஆழ்கடலில் பல நாள் தங்கித் தொழில் செய்தவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. போய்விட்டார்கள் என்று அழுத வீடுகள் சிலவற்றுக்கு, லட்சத்தீவிலும் மகாராஷ்டிரத்திலும் கரையேறிவிட்டார்கள் என்ற செய்தி பின்னால் வந்தது. வேறு சில வீடுகளுக்கு, கேரளப் பிணவறையில் டி.என்.ஏ. பார்த்து அடையாளம் கண்ட உடல் வந்தது. உங்கள் அம்மாவுக்கு இரண்டும் வரவில்லை. மகன் வருவான் என்று அவர் சும்மா நம்பவில்லை. அப்படி வந்தவர்களை ஊரே பார்த்தது.

2004 சுனாமியில் குளச்சலில் ஒரே குழியில் பலரைப் புதைத்தார்கள். கொடுமைதான். ஆனாலும் டிசம்பர் 26-இல் போய் நின்று அழ அங்கே ஓர் இடம் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு அதுவும் இல்லை.

காணாமற்போனவரை இறந்தவராகக் கொள்ள, சட்டமே ஏழு ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. ஒக்கிக் குடும்பங்கள் அதுவரை தவிக்கக் கூடாது என்றுதான் அந்தக் காத்திருப்பைத் தளர்த்தினார்கள். சரியான முடிவு. அந்தச் சான்றிதழ் அடுப்பெரிய வந்தது. அதைக் காட்டித் தாயிடம் ஒப்புதல் கேட்காதீர்கள்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், வியட்நாம் போரில் காணாமற்போன விமானிகளின் குடும்பங்களிடம் இதே துயரத்தைக் கண்டார். துக்கத்தை முடித்துவிடு என்று இவர்களை நெருக்கக் கூடாது என்கிறார். 'போயிருப்பான், இருந்தாலும் இருப்பான்' என்ற இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு மனிதர்கள் வாழ்கிறார்கள்.

அம்மா உண்ணாமல் உறங்காமல் கிடந்தால் அது வேறு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொன்று கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். நீங்கள் அழுதீர்களா? கடிதத்தில் சான்றிதழ் இருக்கிறது, நிவாரணம் இருக்கிறது. அண்ணன் எப்படிப்பட்டவர் என்று ஒரு வரி இல்லை. மெழுகுதிரி ஏற்றத் தவிப்பது நீங்கள்தானே? ஏற்றுங்கள். அம்மாவை வற்புறுத்தாமல், அவரிடம் மறைக்காமல் ஏற்றுங்கள். வீட்டுக்கு வந்து அவரோடு உட்கார்ந்து அண்ணனைப் பற்றிப் பேசுங்கள். 'இருந்தான்' என்று நீங்கள் சொல்வீர்கள், 'இருக்கிறான்' என்று அவர் சொல்வார். திருத்தாதீர்கள்.