தத்தெடுத்த நாய்க்கு வயிறு சரியில்லை: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

புது நாய் வீட்டுக்கு வந்ததிலிருந்து மலம் இளகிப் போகிறது, உணவை மாற்றலாமா என்று பலரும் கேட்கிறார்கள். வயிற்றுக் கோளாறு என்பது நோயின் பெயர் அல்ல, அறிகுறிதான். இடம் மாறிய பதற்றம், திடீரென மாறிய உணவு, முன்பே குடலில் இருந்த ஒட்டுண்ணி எல்லாம் ஒரே வாரத்தில் சேர்ந்துகொள்வதால்தான் குழப்பம்.

வீட்டில் ஃபியூஸ் போய்க்கொண்டே இருந்தால் எல்லா ஸ்விட்சையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்போம் இல்லையா, அதே வழிதான். முன்பு சாப்பிட்ட உணவையே கொடுங்கள், பிஸ்கட், எலும்பு எல்லாம் நிறுத்துங்கள். புதிய மல மாதிரியைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அப்புறம் உணவை மாற்றுவதானால் 7 முதல் 10 நாளில், பழையதோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். குடல் நுண்ணுயிர்கள் பழக அவகாசம் வேண்டும்.

அடிக்கடி, கொஞ்சமாக, வழவழப்பான சளியோடு போனால் தொல்லை பெரும்பாலும் பெருங்குடலில். பதற்றத்தாலும் அப்படி வரும், ஒட்டுண்ணியாலும் வரும். ரத்தம், தொடர் வாந்தி, சோர்வு இருந்தால், அதுவும் தடுப்பூசி முடியாத குட்டியானால், அன்றே மருத்துவரிடம் போங்கள். குட்டிகளின் குடலைத் தாக்கி உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸாக இருக்கலாம்.

“பூச்சி மருந்து கொடுத்தாயிற்று, அதனால் ஒட்டுண்ணி இருக்காது” என்பது தவறு: ஜியார்டியா (கண்ணுக்குத் தெரியாத ஒரு குடல் ஒட்டுண்ணி) போன்றவை வழக்கமான ஒரு வேளை மருந்துக்குப் போகாது, ஒரே பரிசோதனையில் சிக்காமலும் தப்பும்.